அழைத்தவர்: சர்வர்

ஜூலை 22, திங்கள்

காலை ஒன்பது வரை ராகுகாலம். ஒன்பது அடித்து ஒரு நிமிடம் கழித்து ஆறுமுகநயினார் என் அலுவலகப் படியேறினார். அலுவலகம் என்றால் முருகன்குறிச்சியில் மருந்துக்கடைக்கு மேலே ஓர் அறை. அதில் இரண்டு சர்வர், ஒரு மின்விசிறி, நான்.

நயினார் ஜங்ஷனில் 'மங்கள இணைப்பகம்' என்ற திருமணத் தகவல் மையம் நடத்துகிறார். உட்கார்ந்ததும் புலம்ப ஆரம்பித்தார்.

"பத்துப் பொருத்தமும் இருக்கு அண்ணாச்சி. படிப்பு சேருது, உயரம் சேருது. ஆனா யாரு மொதல்ல போன் போடுததுன்னுதான் நிக்கி. பொண்ணு வீட்டுக்காரரு போட்டா எறங்கிப் போன மாதிரியாம். மாப்ள வீட்டுக்காரரு போட்டா, அவருக்கு வேற எடம் கெடைக்கலன்னு ஆயிருமாம். ரெண்டு பேரும் எனக்குப் போன் போட்டு, 'அவங்களப் போடச் சொல்லுங்க'ங்காவ. யாருமே போன் போடாம ரெண்டு பேரும் பேசணும். உங்க கம்ப்யூட்டரு செய்யுமா?"

செய்யும் என்றேன். இருபது வருடமாகத் தொலைபேசித் தொழிலில் இருக்கிறேன். பேசுவதற்காகக் கண்டுபிடித்த கருவியை, யாரையும் கூப்பிடாமல் இருப்பதற்காகக் கேட்டு வந்த முதல் ஆள் இவர்தான். ஆடி முடிவதற்குள் தயாராக வேண்டும், ஆவணி பிறந்ததும் கல்யாணப் பேச்சு ஆரம்பித்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரவுச் சாப்பாட்டின்போது செண்பகத்திடம் சொல்லிச் சிரித்தேன். "இப்படியும் வீம்பு பிடித்த ஜனங்கள். நல்லவேளை, நம்ம குடும்பத்துல இது கெடையாது."

"அப்படியா?" என்றாள் என் மனைவி. சாம்பாரில் உப்பு அதிகம்.

ஜூலை 24, புதன்

முதல் நிரலை எழுதிவிட்டேன். சர்வர் ஓர் எண்ணைக் கூப்பிடும். அவர் எடுத்ததும் இன்னோர் எண்ணைக் கூப்பிடும். அவரும் எடுத்ததும் இரண்டு முனைகளையும் ஒட்டிவிட்டு ஓரமாக நின்றுகொள்ளும். ஒட்டுவதற்குத் தொழிலில் பிரிட்ஜ் என்று பெயர். முப்பத்தெட்டு வரி. நறுக்கென்று இருந்தது.

சோதனையில் நயினார் மாப்பிள்ளை வீடு, செண்பகம் பெண் வீடு. இரண்டே நிமிடத்தில் நயினார் தவறு கண்டுபிடித்தார்.

"அண்ணாச்சி, மொதல்ல என்னக் கூப்பிட்டுச்சு. எடுத்தா என் காதுல ட்ரிங் ட்ரிங்னு கேக்கு. மணி அடிக்குத சத்தம் என் காதுல கேட்டா, கூப்பிட்டது நான்னுலா ஆவும்? மாப்ள வீட்டுக்காரரு காத்துக் கெடக்கணுமா?"

என் நறுக்கான முப்பத்தெட்டு வரியும் குப்பைக்குப் போயின. இப்போது சர்வர் இருவரையும் ஒரே நொடியில் கூப்பிடுகிறது. எடுத்தவரை ஒரு காத்திருப்பு அறையில் உட்கார வைத்து நாதஸ்வரம் போடுகிறது. இருவரும் எண் 1-ஐ அழுத்தினால்தான் ஒட்டும். யார் முதலில் எடுத்தார் என்பது யாருக்கும் தெரியாது. பதிவேட்டில் 'அழைத்தவர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எல்லா அழைப்புக்கும் 'சர்வர்' என்றே விழும்படி செய்துவிட்டேன். உலகத்திலேயே மானம் அவமானம் பார்க்காத ஒரே ஆள் அதுதான்.

ஜூலை 30, செவ்வாய்

அறிவிப்புக்குக் குரல் வேண்டும். குரல் கலைஞர் யாரையாவது பிடிக்கலாம் என்றேன். "உங்க குரலுக்கு என்ன கொறச்சல்?" என்றார் நயினார். செலவு மிச்சம் என்பதன் மரியாதையான வடிவம் அது. ஆனாலும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

எதிரொலி வராமல் இருக்க, பீரோவைத் திறந்து சேலைகளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டு பதிவு செய்தேன். முதல் முறை குக்கர் விசில். இரண்டாம் முறை கோலப்பொடிக்காரர். மூன்றாம் முறை சரியாக வந்தது:

"வணக்கம். மங்கள இணைப்பகத்திலிருந்து அழைக்கிறோம். எதிர்வீட்டார் உங்களோடு பேச விரும்புகிறார்கள். தயவுசெய்து இணைப்பில் இருங்கள். பேச, எண் 1-ஐ அழுத்தவும். இந்த அறிவிப்பை மீண்டும் கேட்க, எண் 9-ஐ அழுத்தவும்."

'எதிர்வீட்டார் பேச விரும்புகிறார்கள்' என்று இரண்டு பக்கமும் கேட்கும். அந்த வரி என் சொந்தச் சரக்கு.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ராகுகாலத்தில் அழைப்பு போகக் கூடாது. ஏழு கிழமைக்கும் அட்டவணை போட்டேன். மாலையில் நயினார் போன் செய்து, துபாய் மாப்பிள்ளைக்கு நம் ஊர் ராகுகாலமா, துபாய் ராகுகாலமா என்று கேட்டார். இரண்டையும் தவிர்க்கும்படி எழுதினேன். எமகண்டம் என்று அவர் வாயெடுத்ததும் சிக்னல் போய்விட்டது. போகும்படி செய்தேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. நான்கு வகைச் சாதம். வேலை நடக்கவில்லை.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி ஒன்று. காலை பத்தரைக்கு ராகுகாலம் முடிந்ததும் கற்பூரம் காட்டி சர்வரைத் தொடங்கினோம். முதல் அழைப்பு, கடையநல்லூர் பெண் வீடும் வள்ளியூர் மாப்பிள்ளை வீடும். இருவரும் எடுத்தார்கள், 1-ஐ அழுத்தினார்கள், ஒட்டியது. தரம் பார்ப்பதற்காக நான் கேட்டுக்கொண்டிருந்தேன். உரையாடல் பதிவாகும் என்று விண்ணப்பத்திலேயே கையெழுத்து வாங்கியிருக்கிறோம்.

"சொல்லுங்க."

"நீங்க சொல்லுங்க."

"இல்ல, நீங்கதான பேசணும்னு சொன்னீயளாம்."

"நாங்களா? நீங்கதான்னு எங்களுக்குச் சொன்னாங்க."

"அப்படியா? சரி, சொல்லுங்க."

நான்கு நிமிடம் இப்படியே போனது. பிறகு வள்ளியூர்க்காரருக்கு இருமல் வந்தது. கடையநல்லூர்க்காரர் அதற்குக் கஷாயம் சொன்னார். அங்கிருந்து பேச்சு பிடித்துக்கொண்டது.

ஆகஸ்ட் 19, திங்கள்

இன்று என் நிரலில் ஒரு வரி பிசகி, இரண்டு மாப்பிள்ளை வீட்டாரை ஒன்றோடொன்று ஒட்டிவிட்டேன். பதினோரு நிமிடம் பேசியிருக்கிறார்கள். இருவருமே, "எங்களுக்கு எந்த எதிர்பார்ப்பும் கெடையாது, உங்க பிள்ளைக்கு நீங்க ஆசப்பட்டுச் செய்யுறதுதான்" என்று சொல்லியிருக்கிறார்கள். இருவருமே, "ரொம்ப நல்ல மனுசன், அவராவே என்ன செய்யப்போறாருன்னு மட்டும் சொல்லல" என்று நயினாரிடம் குறை சொன்னார்கள். பெண்ணின் பெயரை இரண்டு பேரும் கேட்கவில்லை. அதனால்தான் பிசகு வெளியே வரவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

கோளாறுப் பட்டியலில் முப்பத்தொன்றாவது: பதிவு எண் 218. பெண் வீடு. இந்த வீட்டுக்கு அழைப்பு போகும்போதெல்லாம் 1-க்கு முன்னால் 9 விழுகிறது. ஒருமுறை அல்ல. சனிக்கிழமை நான்கு, திங்கள் ஆறு, இன்று ஏழு. எதிர்முனை மாப்பிள்ளை வீட்டார் ஏழு சுற்று நாதஸ்வரம் கேட்டுவிட்டு நயினாரைத் திட்டினார்கள். போனில் 9-ஆம் பொத்தான் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 22, வியாழன்

வாடிக்கையாளர் எண்களை நானே மறைத்துத்தான் வைத்திருக்கிறேன். கோளாறு பார்ப்பதற்காக 218-ஐ மட்டும் திறந்தேன்.

கைலாசத்தின் எண். என் தம்பி.

ஆறு வருடத்துக்கு முன்பு என் போனிலிருந்து அழித்த எண் அது. மறக்கவில்லை என்பது என் ஞாபகசக்தியின் பெருமையே தவிர வேறொன்றும் இல்லை. விண்ணப்பத்தில் பெண்ணின் பெயர் கோமதி, வயது இருபத்தாறு, பல் மருத்துவம். நான் கடைசியாகப் பார்த்தபோது பல் கிளிப் போட்டுக்கொண்டு பெரியப்பா பெரியப்பா என்று பின்னாலேயே திரிந்தவள்.

எழுதிவைக்கிறேன், நாளைக்கு நானே மறந்துவிடக் கூடாது. மகாராஜநகரில் கைலாசம் வீடு கட்டினான். பால்காய்ப்புக்கு அண்ணனையும் அண்ணியையும் எப்படி அழைக்க வேண்டும்? தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழத்தோடு, தம்பியும் அவன் மனைவியும் நேரில் வந்து அழைக்க வேண்டும். இவன் போனில் சொன்னான். "அண்ணே, வர்ற புதன்கெழம, வந்துருங்க" என்று ஊருக்குச் சொல்வதுபோல. நான் போகவில்லை. அண்ணன் ஏன் வரவில்லை என்று அவன் வந்து கேட்கவும் இல்லை. நான் காத்திருந்தேன். ஆறு வருடம் என்பது காத்திருக்க ஆரம்பித்தால் பெரிய கணக்கே இல்லை.

செண்பகம் அன்றும் சொன்னாள், இன்றும் சொல்கிறாள்: "போன் சிஸ்டம் விக்குத மனுசன் வீட்டுக்குப் போன்ல சொன்னது ஒரு குத்தமா?"

9 விஷயம் தெளிவாகிவிட்டது. கைலாசம் சின்ன வயதிலிருந்தே எந்தப் பொத்தானையும் சும்மா விட்டவன் இல்லை. அப்பாவின் ரேடியோவில் இரண்டைப் பிடுங்கியிருக்கிறான்.

ஆகஸ்ட் 26, திங்கள்

தரம் பார்ப்பதற்காக 218-இன் அழைப்பைக் கேட்டேன். யாருடையதாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.

எதிர்முனை தூத்துக்குடி. மாப்பிள்ளையின் அப்பா சிவஞானம், துறைமுகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளையும் பல் மருத்துவர். பேச்சு நன்றாகத்தான் போனது. போட்டோ பிடித்திருக்கிறது. பெண்ணும் பையனும் ஏற்கெனவே ஒருமுறை பேசி, பிடித்துப்போயிருக்கிறது. கடைசியில் சிவஞானம் கேட்டார்.

"பொண்ணுக்குப் பெரியப்பா ஒருத்தர் பாளையங்கோட்டையிலயே இருக்காராமே? அவர் இதுல கலந்துக்கலியா?"

கைலாசம், "அண்ணனுக்கு வேலை ஜாஸ்தி. கம்ப்யூட்டர்ல பெரிய ஆளு அவிய. இந்த ஊர்ல பாதி ஆபீஸ் போன் அவிய கையிலதான் ஓடுது" என்றான்.

பாதி இல்லை, ஒன்பது அலுவலகம்தான். ஆனாலும் திருத்தத் தோன்றவில்லை. அந்த இடத்தை மூன்று முறை கேட்டேன், ஒலித்தரம் சரியாக இருக்கிறதா என்று.

ஆகஸ்ட் 28, புதன்

நயினார் வந்தார். நெளிந்தார்.

"தப்பா நெனைக்காதீய அண்ணாச்சி. உங்க குரல் எழவு சொல்லுத மாதிரி இருக்குன்னு நாலஞ்சு பேரு சொல்லுதாவ. ஒரு பொம்பளப்பிள்ள குரல் போட்டா மங்களகரமா இருக்கும்."

குறைச்சல் இல்லாத என் குரலுக்கு ஆயுள் பதினொரு நாள். வானொலியில் பேசிய ஒரு பெண்ணை அவரே ஏற்பாடு செய்துவிட்டாராம்.

ஆகஸ்ட் 29, வியாழன்

புதுக் குரல் போட்டாயிற்று. தேன். எனக்குப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

அதிசயம். குரலை மாற்றிய பிறகு 218-க்கு மூன்று அழைப்புகள் போயிருக்கின்றன. ஒன்றில்கூட 9 இல்லை. எடுத்தவுடன் 1. பொத்தான் தானாகவே சரியாகிவிட்டது. கோளாறு முப்பத்தொன்றை மூடினேன்.

அந்த மூன்றில் கடைசி அழைப்பு தூத்துக்குடி. சிவஞானம் இந்த முறை சுற்றி வளைக்கவில்லை.

"உங்க அண்ணனும் நீங்களும் பேச்சுவார்த்தை இல்லன்னு கேள்விப்பட்டோம். கூடப் பெறந்தவரோடயே ஒத்துப் போவாத வீட்ல பொண்ணெடுக்க எங்க வீட்ல யோசிக்காங்க. தப்பா எடுத்துக்காதீங்க. பிள்ளையார் சதுர்த்திக்குள்ள அவர் எங்ககிட்ட ஒரு வார்த்தை பேசட்டும். இல்லன்னா நாங்க வேற எடம் பாத்துக்கிடுதோம்."

"பேசச் சொல்லுதேன்" என்றான் கைலாசம். அவன் குரல் தேய்ந்துபோயிருந்தது. சதுர்த்தி சனிக்கிழமை. இன்னும் ஐந்து நாள்.

கோமதியின் கல்யாணம் என் ஒரு போனில் நிற்கிறது. அவன் கேட்கட்டும், பேசுகிறேன். நேரில் வந்து கேட்டால் நிச்சயம் பேசுவேன். தாம்பாளம்கூட வேண்டாம்.

செப்டம்பர் 3, செவ்வாய்

வரவில்லை. நாள் முழுக்க அலுவலகத்திலேயே இருந்தேன். சாப்பிடக்கூட வீட்டுக்குப் போகவில்லை.

செப்டம்பர் 4, புதன்

வரவில்லை.

செண்பகத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"பாவம் அந்தப் பிள்ளை. நீங்களே ஒரு போன் போட்டா என்ன?"

"நான் எப்படி மொதல்ல போடுறது?"

"அன்னைக்குச் சாப்பிடும்போது சிரிச்சீயளே, வீம்பு பிடிச்ச ஜனங்கன்னு. எந்தக் குடும்பத்தச் சொன்னீய?"

கீரைக்கட்டு சிறிதாகிவிட்டது, விலை மட்டும் குறையவில்லை என்று சொன்னேன்.

செப்டம்பர் 5, வியாழன்

மதியம் ஒன்றரை முதல் மூன்று வரை ராகுகாலம். மூன்றே காலுக்கு சர்வரில் ஒரு சோதனை அழைப்பு வைத்தேன். ஒரு முனை 218. மறுமுனை என் சொந்த எண். நானும் போடவில்லை, அவனும் போடவில்லை. எல்லாருக்கும் செய்துகொடுத்த வசதியை எழுதியவனே அனுபவிக்கக் கூடாது என்று சட்டமில்லை.

சரியாக மூன்றே காலுக்கு என் போன் அடித்தது. தெரிந்தும் திடுக்கிட்டேன். எடுத்தேன். எதிர்வீட்டார் என்னோடு பேச விரும்புகிறார்கள் என்று தேன் குரல் சொன்னது. 1-ஐ அழுத்தினேன். நாதஸ்வரம். அரை நிமிடத்தில் அதுவும் நின்றது. ஒட்டிவிட்டது.

அவன் மூச்சு கேட்டது. அவன் 'சொல்லுங்க' என்பான், நானும் 'சொல்லு' என்று ஆரம்பித்துவிடலாம் என்றுதான் திட்டம். அவன் சொல்லவில்லை. தூத்துக்குடிக்காரர் என்று நினைத்துப் பயந்து நின்றிருக்கிறான்.

"அய்யா? லைன்ல இருக்கீயளா?" என்றான்.

நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

"யாரும் இல்ல போலிருக்கு" என்று தனக்குள் சொன்னான். பிறகு, அந்தத் தேன் குரல்காரி எங்கோ உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்தானோ என்னவோ, அவளிடம் பேச ஆரம்பித்தான்.

"ஏம்மா, நான் எரநூத்திப் பதினெட்டு பேசுதேன். மொதல்ல ஒரு ஆம்பளக் குரல் போட்டிருந்தீயள்லா? அத ஏன் எடுத்தீய? அது எங்க அண்ணன் குரலும்மா. ஆறு வருசங்கழிச்சு அதத்தான் கேட்டேன். ஒம்பத அமுக்கி அமுக்கிக் கேப்பேன். இப்ப அதுவும் இல்ல. முடிஞ்சா திரும்பப் போடுங்கம்மா."

கோளாறு முப்பத்தொன்று. பொத்தான் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று எழுதி, சரியாகிவிட்டது என்று மூடியும் வைத்த மகா மேதை நான்.

'ஏல கைலாசம்' என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்தது வேறு.

"வணக்கம்" என்றேன். "மங்கள இணைப்பகத்திலிருந்து அழைக்கிறோம். எதிர்வீட்டார் உங்களோடு பேச விரும்புகிறார்கள். தயவுசெய்து இணைப்பில் இருங்கள். பேச, எண் 1-ஐ அழுத்தவும். இந்த அறிவிப்பை மீண்டும் கேட்க…"

முடிக்க முடியவில்லை.

என் காதில் ஒரு பொத்தானின் ஒலி. எந்தப் பொத்தானுக்கு எந்த ஒலி என்று இருபது வருடத்தில் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். ஒன்பது.

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். மறுபடி ஒன்பது. மூன்றாம் முறை பாதியில் நான் அழுதுவிட்டேன். அவனும் அழுதான். நான்காவது ஒன்பதுக்கு, "ஏல, போதும்ல, தொண்டை வலிக்கு" என்றேன்.

"இன்னொரு தடவ சொல்லுண்ணே" என்றான்.

செப்டம்பர் 6, வெள்ளி

ராகுகாலம் வருவதற்கு முன் பத்து மணிக்கே தூத்துக்குடிக்குப் போன் போட்டேன். சர்வர் வழியாக அல்ல, என் போனில், என் விரலால்.

"அண்ணன் தம்பி பேசுறது இல்லன்னு சொன்னாங்களே?" என்றார் சிவஞானம்.

"யார் சொன்னது? நேத்துதான் அம்பத்தி ரெண்டு நிமிசம் பேசினோம். பதிவேடு இருக்கு. வேணும்னா அனுப்புதேன்."

அவர் சிரித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். ஒரு பெண்குரல் பின்னாலிருந்து, "பெரியப்பா இருப்பாருல்லா, கேளுங்க" என்றது. இருப்பேன் என்றேன்.

மாலையில் செண்பகமும் நானும் மகாராஜநகர் போனோம். தாம்பாளம், வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் செண்பகம் எடுத்துக்கொண்டாள். ஆறு வருடம் தாமதமாகப் பால்காய்ப்பு விசாரிக்கிறோம் என்றாள். வாசலில் கைலாசம் நின்றான். முன்தலை முழுக்க வழுக்கையாகிவிட்டது. என்னைவிட அதிகம் என்பதில் எனக்கு ஓர் ஆறுதல். கோமதி வந்து காலில் விழுந்தாள். இப்போது பல்லில் கிளிப் இல்லை.

வீடு நன்றாகத்தான் கட்டியிருக்கிறான். சமையலறை ஜன்னல் மட்டும் வடக்கே வைத்திருக்கலாம். சொல்லவில்லை.

திரும்பி வந்து அலுவலகத்தைத் திறந்தேன். நயினாருக்கு வார அறிக்கை அனுப்ப வேண்டும். நேற்று மூன்றே கால் அழைப்பும் பட்டியலில் இருந்தது. பதிவு எண் 218, நேரம் ஐம்பத்திரண்டு நிமிடம், அழைத்தவர்: சர்வர்.

அந்தக் கட்டத்தை யாரும் மாற்ற முடியாதபடி நான்தான் பூட்டி வைத்திருந்தேன். பூட்டைத் திறக்க இருபது நிமிடம் ஆனது. 'சர்வர்' என்பதை அழித்துவிட்டு, 'உலகநாதன்' என்று என் பெயரைத் தட்டினேன்.